உள்நாட்டு விவகாரம்

மேற்கிலிருந்து காற்று திரும்பினால் காலடிப்பேட்டைக்கு மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்து வாடை வந்துவிடும். மண்ணெண்ணெயும் அழுகிய முட்டையும் கலந்த மாதிரி இருக்கும். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறேன். இப்போது எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன், அவ்வளவுதான். போன வாரம் அப்படிச் சாத்தப் போனபோது என் கணவர் கூடத்திலிருந்து கத்தினார்.

"இந்தா, சீக்கிரம் வா. உன் தோஸ்து டீவில வந்துகினு கீது."

திரையை நான்காகப் பிரித்து நான்கு முகங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான்காவது கட்டத்தில் பேசாமல் காத்திருந்தவள் யசோதரா. பெயருக்குக் கீழே 'முன்னாள் தூதர்' என்று போட்டிருந்தது. எங்கோ ஒரு நாட்டில் தோலின் நிறத்தை வைத்து மனிதர்களைப் பிரிக்கும்படியாக ஏதோ சட்டம் வரப்போகிறதாம். நம் நாடு அதைக் கண்டிக்க வேண்டுமா, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டுமா என்பது விவாதம்.

விவாதமெல்லாம் எனக்கு அப்புறம்தான் காதில் விழுந்தது. முதலில் நான் பார்த்தது அவள் புடவையை. மயில்கழுத்து நிறக் கைத்தறி. அடுத்து அவள் தலைமுடி. சாயம் பூசாமல் வெள்ளையாக விட்டிருக்கிறாள். அதையே நான் செய்தால் தெருவில் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். அவளுக்கு அது கம்பீரமாக இருக்கிறது. பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த புத்தக அலமாரி. இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்கத் தொடங்கினேன்.

"எப்டி பேசுது பாரு," என்றார் கணவர்.

"நல்லாத்தான் பேசுவா," என்றேன். அந்தத் 'தான்' எனக்கே கேட்டது.

உங்களிடம் மறைப்பானேன். கல்லூரிக் காலத்திலிருந்து நான் யசோதராவைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு யார்மேலும் எனக்குப் பொறாமை கிடையாது. இருந்த மொத்தத்தையும் ஒரே ஆள்மேல் வைத்துவிட்டதால் மற்றவர்களுக்குக் கொடுக்க மிச்சமில்லை.

வாடையில்தானே ஆரம்பித்தேன். அவளோடு பழக்கம் ஆனதும் ஒரு வாடையில்தான். எங்கள் வீடு அப்போது ராயபுரத்தில், மாதா கோயில் மணி அடித்தால் சமையலறைப் பாத்திரம் அதிருகிற தூரத்தில் இருந்தது. அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். தெரு முழுக்கக் கருவாட்டு வாசனை. என் உடுப்பிலும் அது இருக்கும் என்று எனக்கு ஓயாத பயம். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், வகுப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் என் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தாள். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"உங்க வூட்டாண்ட கருவாடு காயுதா? எங்க வூட்டாண்ட கால்வா ஓடுது. உன்னுது எவ்வளவோ தேவல," என்றாள்.

வியாசர்பாடி அடுக்குக் குடியிருப்பில் மூன்றாவது மாடி அவர்களுடையது. அப்பா ரயில் பெட்டிப் பட்டறையில் மாதச் சம்பளக்காரர். பௌத்தக் குடும்பம். கூடத்தில் புத்தர் படமும் கோட்டுப் போட்ட தலைவர் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும். யசோதரா என்ற பெயரிலேயே எனக்குப் பொறாமை ஆரம்பித்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் மேரி என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு திரும்பிப் பார்க்கும். அவள் பெயரைக் கூப்பிட்டால் அவள் ஒருத்திதான் எழுந்திருப்பாள். என் பெயரை விடுங்கள்.

அப்போது தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கறுப்பர்கள் எங்கே குடியிருக்க வேண்டும், எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அங்கே சட்டம். நம் ஊர்க் கடவுச்சீட்டில் 'தென் ஆப்பிரிக்கா போக இது செல்லாது' என்று அச்சடித்தே கொடுப்பார்கள். அந்த நாட்டுக் கொடி கட்டிய கப்பலை நம் துறைமுகத்தில் கட்ட விடமாட்டார்கள் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஏதோ அவரே போய்க் கயிற்றை அவிழ்த்து விட்ட மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் நகரத்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், கல்லூரி மாணவர்களுக்கு மாதிரி ஐ.நா. சபை நடத்தினார்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு நாட்டின் பிரதிநிதி. நிறவெறி நாட்டை என்ன செய்வது என்பதுதான் பொருள்: உறவை முறித்துக்கொள்வதா, தூதரகத்தை வைத்துக்கொண்டு பேசிப் பேசித் திருத்துவதா. எங்கள் கல்லூரியிலிருந்து நாங்கள் இரண்டு பேர். நாட்டுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு இந்தியா வந்தது. யசோவுக்கு, உறவை முறிக்கக் கூடாது என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த ஒரு மேற்கத்திய நாடு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயைத் திறந்தாலே கைதட்டு விழுகிற கட்சி என்னுடையது. ஒரு தடவையாவது அவளை ஜெயித்துவிடலாம்.

பேசிப் பழகுவதற்கு ராயபுரம் கடலோரக் கற்களில் போய் உட்காருவோம். நான் அலையைப் பார்த்து முழங்குவேன். அவள் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

"இந்தக் கட்சிக்கு இன்னா நாயம் கீது சொல்லு? நான் போய் அந்த அநியாயக்காரனுக்கு வக்காலத்து வாங்கணுமா? எங்க அப்பா மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"சீட்டுல வந்துச்சு. நீ இன்னா பண்ணுவ," என்பேன், ஆறுதல் சொல்கிற குரலில். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நாலைந்து மாலைகள் போன பிறகு அவள் புலம்புவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள், "எதிராளி எடத்துல குந்திப் பாத்தாத்தான் அவன் சட்டைல ஓட்டை எங்க கீதுன்னு தெரியுது," என்றாள். அன்றைக்கு நான் என் பேச்சை இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

போட்டி நாளன்று பாரிமுனையில் பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தோம். மெழுகு போட்ட மரத்தரை, உயரமான ஜன்னல்கள், எங்களைவிட நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகள். ஒவ்வொருவர் முன்னாலும் நாட்டின் பெயர் எழுதிய பலகை. வெளியுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் சாம்பல் நிறக் கோட்டில் தலைவராக உட்கார்ந்திருந்தார். தென் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உண்மையான சபையில் அந்த நாட்டை உட்காரவே விடுவதில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் சபையில் பிள்ளைகள் அதிகம், நாற்காலி கொடுக்காமல் இருக்க முடியுமா? அந்த நாற்காலியில் தேன்நிறக் கண்ணாடி போட்ட ஒரு பையன் இருந்தான்.

நான் நன்றாகவே பேசினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. என் அப்பா வேலை செய்யும் துறைமுகத்தில் அநீதியின் கொடிக்கு இடமில்லை என்றபோது மண்டபம் அதிர்ந்தது. தேன்நிறக் கண்ணாடி எழுந்து, எங்கள் நாட்டில் யார் எங்கே வசிப்பது என்பது எங்கள் உள்நாட்டு விவகாரம், இந்தச் சபைக்கு அதில் வேலையில்லை என்றான். அநீதிக்கு எல்லைக்கோடு கிடையாது என்று நான் திருப்பியடித்தேன். மறுபடியும் கைதட்டல். யசோவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் முறை வந்தது. அவளுடைய பேச்சு என்னுடையதைப் போல் இல்லை. நிதானமாக, கணக்கு வாத்தியார் மாதிரி பேசினாள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே அடிபடுகிறவனின் சத்தம் நமக்குக் கேட்காது. வாணிபத்தை நிறுத்தினால் முதலில் வேலை போவது சுரங்கத்தில் வெட்டுகிற கறுப்பனுக்கு. ஆகவே என் நாடு உள்ளே இருந்து பேச விரும்புகிறது என்றாள். அவளுக்கு அதில் துளிகூட நம்பிக்கையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நிமிடம் எனக்கே அது சரியாகத்தான் படுகிறது என்று தோன்றிவிட்டது. அங்கேயே எனக்கு எரிந்தது.

அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். தேன்நிறக் கண்ணாடி மறுபடி எழுந்தான். இந்தியப் பிரதிநிதிக்கு ஒரு கேள்வி என்றான். குரலில் கோபமே இல்லை.

"உங்கள் கிராமங்களில் எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்களா அம்மா? தேநீர்க் கடையில் எல்லாருக்கும் ஒரே குவளைதானா? எங்கள் வீட்டைப் பற்றி இவ்வளவு பேசினீர்களே, உங்கள் வீட்டில் இருப்பதற்கு என்ன பெயர்?"

நான் எழுந்து நின்றேன். கடற்கரையில் பேசிப் பழகிய எதிலும் இதற்குப் பதில் இல்லை. எங்கிருந்தோ ஒரு வாக்கியம் வந்தது.

"அது எங்கள் உள்நாட்டு விவகாரம்."

அவன் லேசாகக் குனிந்து, "நன்றி. அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்," என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. மின்விசிறிகூடச் சிரித்த மாதிரி இருந்தது. அவன்மேல் தப்பில்லை. அவன் கட்சியை அவன் பேசினான்.

சிரிப்பு அடங்குவதற்குள் யசோ தன் நாட்டுப் பலகையைத் தூக்கிக் காட்டினாள். தலைவர் தலையசைத்தார். அவள் எழுந்தாள். கையிலிருந்த பலகையை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தாள்.

"நீங்கள் உங்கள் நாட்டின் சார்பில்தான் பேச வேண்டும்," என்றார் தலைவர்.

"கொஞ்ச நேரத்துக்கு என் சார்பில் பேசுகிறேன், ஐயா," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் போனது. பிறகு ஆங்கிலம் அவளுக்குப் போதவில்லை.

"அவரு கேட்டது நெசம். தனிக் குவளை கீது. ஊர்ல எங்க தாத்தா அதுல குடிச்சவரு. அத்தொட்டுதான் ஊர வுட்டு இங்க வந்தாரு. ஆனா அந்தக் கேள்விய நாங்க கேப்போம். கோர்ட்டுல கேப்போம், ரோட்டுல கேப்போம். இங்க சட்டம் எங்க பக்கம் கீது, மன்சாள்தான் இன்னும் வந்து சேர்ல. உங்க ஊர்ல சட்டமே அந்தக் குவளையா கீது. எங்க புண்ணக் காட்டி நீ தப்பிச்சிக்காத நைனா!"

மெட்ராஸ் பாஷையைச் சினிமாவில் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைகள் அவர்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அவள் உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்து என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவ என் தோஸ்து. ஆனா அவ சொன்ன பதிலு தப்பு. அத்த உள்நாட்டு விவகாரம்னு மூடக் கூடாது. மூடுனா அவனும் நம்மளும் ஒண்ணாயிடுவோம்."

அதன் பிறகு விழுந்த கைதட்டலைப் பற்றி நான் விவரிக்க விரும்பவில்லை. தேன்நிறக் கண்ணாடியும் எழுந்து நின்று தட்டினான். எனக்கும் வேறு வழியில்லை, தட்டினேன்.

பரிசு அறிவித்தார்கள். முதல் பரிசு தேன்நிறக் கண்ணாடிக்கு. இரண்டாவது எனக்கு. தான் ஏற்ற நாட்டின் நிலையை நடுவில் கைவிட்டதால் யசோவுக்கு ஒன்றுமில்லை, போட்டி விதி அப்படி. என் கையில் ஒரு வெள்ளிப் பூச்சுக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதை அணைத்துக்கொண்டு நான் கதவோரம் நிற்கிறேன். தூரத்தில் தூணருகே அந்தச் சாம்பல் கோட்டுத் தலைவர் யசோவிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். என்ன பேசுகிறார் என்று அவர் உதட்டைப் படிக்க முயன்றேன். கோப்பை வாங்கியவளிடம் ஒருவரும் பேசவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் கோப்பை என் மடியில் ஆடிக்கொண்டே வந்தது.

"கோச்சிகினியா?" என்றாள்.

"இல்லியே."

"பொய் சொல்லாத. மூக்கு செவந்துகீது."

"அந்த ஆளு உன்னாண்ட இன்னா சொன்னாரு?"

"வெளியுறவு வேலைக்குப் பரீட்ச எழுதுன்னாரு. ஆனா அங்க போயி பலகையக் கவுக்க முடியாதாம். அத்த இப்பவே தெரிஞ்சிக்கோன்னாரு."

வேடிக்கை பார்க்க வந்திருந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வழியாகச் செய்தி எனக்கு முன்பே எங்கள் தெருவுக்குப் போய்விட்டிருந்தது. கோப்பையை அம்மா மாதா படத்துக்குக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா துறைமுகத்திலிருந்து வந்து, கைகால் கூடக் கழுவாமல் என் எதிரில் உட்கார்ந்தார். எனக்கு மனம் குளிர்ந்தது.

"யசோ பொண்ணு அவன இன்னாமோ கேட்டுச்சாமே? அத்த மட்டும் அப்டியே சொல்லு," என்றார்.

நானே என் வாயால் அவர் முன்னால் அவள் பேசியதைப் பேசிக் காட்டினேன். "சபாஷ்!" என்று தொடையில் தட்டினார். அந்தச் சபாஷ் எனக்கு இல்லை; அது எனக்கு எரியும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை.

அந்தப் பரீட்சையை நானும் எழுதினேன். அவள் தேறினாள். நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் சரக்குப் பத்திரங்கள் தட்டச்சு செய்யப் போனேன். எந்தெந்த ஊரோ என் விரல் வழியாகப் போகும். சாண்டோஸ், ராட்டர்டாம், மொம்பாசா. சில ஊர்களின் பெயரைத் தட்டும்போது இங்கே அவள் இருப்பாளோ என்று தோன்றும். வேண்டுமென்றே எழுத்தைப் பிசகாகத் தட்டி, பிறகு திருத்துவேன். அற்பம்தான். ஆனால் என் பொறாமை என்னுடைய உள்நாட்டு விவகாரம், அதில் யாரும் தலையிட முடியாது.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அவள் விடுமுறையில் வருவாள். மிட்டாய் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து, வஞ்சிரம் வறுவல் போடச் சொல்லிச் சாப்பிடுவாள். அப்போதெல்லாம் நான் நோண்டி நோண்டிக் கேட்பேன்.

"அப்டி இன்னாதான் பண்ணுவீங்க அங்க?"

"வார்த்தைக்குச் சண்டை போடுவோம்," என்பாள்.

ஒரு நாடு தன் மக்களில் ஒரு பகுதியை இனத்தைச் சொல்லி ஒதுக்குகிறது. அதைப் பற்றி மற்ற நாடுகள் கூடி ஓர் அறிக்கை விட வேண்டும். 'கண்டிக்கிறோம்' என்று போடுவதா, 'ஆழ்ந்த கவலை கொள்கிறோம்' என்று போடுவதா? இதற்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடுமாம்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றேன்.

"இல்லடி. கவலைப்படறதுன்னா அவங்கவங்க வீட்ல உக்காந்தே பட்டுக்கலாம். கண்டிச்சுட்டா அடுத்து எதாவது செய்யணும். அதான் பயம்."

ஒரு பிரதிநிதி, அந்த நாட்டிலிருந்துதான் எங்களுக்கு எண்ணெய் வருகிறது என்பாராம். இன்னொருவர், எங்கள் ஆட்கள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள், நாங்கள் வாயைத் திறந்தால் அவர்கள் பிழைப்பில் கை வைப்பான் என்பாராம். மூன்றாமவர், இன்றைக்கு அவன் பக்கம் நீட்டிய விரலை நாளைக்கு நம் பக்கம் நீட்டினால் என்ன செய்வது என்று கேட்பாராம். கடைசி ஆள் சொல்வதைத்தான் யாரும் குறிப்பில் எழுதமாட்டார்களாம், ஆனால் எல்லாரும் கேட்டுக்கொள்வார்களாம். காபி குடிக்க எழுந்து போகிற இடத்தில்தான் உண்மையான பேச்சு நடக்குமாம். இதெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு மீன் கருகுவது தெரியாது. அந்தக் காபி இடைவேளை எப்படி இருக்கும், அவள் எந்தப் புடவையில் நிற்பாள், யார் அவள் பக்கம் குனிந்து ரகசியம் சொல்வார் என்றே மனம் ஓடும்.

ஒரு வருகையின்போது மட்டும் அவள் வறுவலைத் தொடவில்லை. இனவெறிக்கு எதிராக உலக நாடுகள் கூடிய ஒரு பெரிய கூட்டத்துக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாள். சாதியையும் இனவெறிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நம் ஊர் ஆட்கள் சிலரே அங்கே வந்து வாசலில் முழக்கம் போட்டிருக்கிறார்கள். சேர்க்கக் கூடாது, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்பது நம் தரப்பு. அந்த உரையை எழுதும் பொறுப்பு இவள் மேசைக்கு வந்திருக்கிறது.

"எழுதினியா?" என்றேன்.

"எழுதினேன்."

"பலகையக் கவுக்கலியா?"

நான் கேட்டது நல்ல எண்ணத்தில் கேட்டது இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது. தட்டைத் தள்ளி வைத்தாள்.

"முதல்ல வந்த நகல்ல, அப்படி ஒரு கொடுமை எங்க நாட்ல இல்லைன்னு இருந்துது. அந்த 'இல்லை'ய எடுக்கணும்னு சொன்னேன். ஒவ்வொரு அறையா ஏறி எறங்கினேன். கடைசியில 'இருக்கிறது, அதை எதிர்த்து நாங்களே போராடி வருகிறோம்'னு மாத்திட்டாங்க. அவ்வளவுதான் முடிஞ்சுது. மீதி உரை அப்படியேதான் இருந்துது. வெளிய வரும்போது வாசல்ல நின்னவங்கள்ல ஒருத்தர் வியாசர்பாடிக்காரர். எங்க அப்பாவத் தெரிஞ்சவர். என் கழுத்துல தொங்கின அட்டையப் பாத்தாரு. வழி விட்டு ஒதுங்கி நின்னாரு."

அவள் அழவில்லை. எழுந்து போய்க் கை கழுவினாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரு சொல்லை எடுக்க அறை அறையாக ஏறி இறங்க இவளுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறதே என்று நினைத்தேன். என் மேசையில் நான் ஒரு சொல்லை மாற்றினால் சரக்கு வேறு துறைமுகத்துக்குப் போய்விடும், என் வேலையும் அதோடு போய்விடும். அவளுடைய தூக்கம் கெட்டுப்போனதுகூட எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. சாப்பிடாமல் போனாளே என்ற வருத்தம் அப்புறம்தான் வந்தது.

போன வருடம் ஓய்வுபெற்று வந்தவள், பழைய குடியிருப்பைப் பார்க்க வேண்டும், நீயும் கூட வா என்றாள். அவள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஆட்டோவில் போனோம். அவள் வழி சொல்லச் சொல்ல, ஓட்டுநர் வேறு பக்கம் திருப்பினார். அவள் சொன்ன தெரு இப்போது ஒருவழிப் பாதை.

குடியிருப்பு இல்லை. நீலத் தகரத்தால் சுற்றி வேலி அடைத்திருந்தார்கள். உள்ளே மண் அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. புதிதாகக் கட்டித் தருவதற்காக இடித்துவிட்டார்கள். இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போயிருந்தார்கள். மாடிப்படி, ஒவ்வொரு மாடியிலும் கொடியில் தொங்கிய துணி, கீழே அடிகுழாயடியில் வரிசையாக நின்ற வண்ண வண்ணக் குடங்கள், சுவரில் இருந்த நீலக் கொடிச் சித்திரம், ஒன்றும் இல்லை. கால்வாய் மட்டும் அதே வாடையோடு ஓடிக்கொண்டிருந்தது.

வேலியோரம் ஒரு பெண் இட்லிக் கடை போட்டிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். யசோவின் புடவையையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்து வந்தாள்.

"இன்னா மேடம், போர்டுலேந்து வந்துகிறீங்களா? எப்பத்தான் வூடு குடுப்பீங்க?"

"இல்லம்மா. நான் இங்கதான் பொறந்தேன். இங்கதான் வளர்ந்தேன்," என்றாள் யசோ.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "இன்னாக்கா சொல்றாங்க இவங்க?"

"நெசந்தாம்மா," என்றேன். "இவங்களும் இந்த வூட்டு ஆளுதான்."

யசோ ஓர் அடி முன்னால் போனாள். "நெசமாத்தான். நாங்க இங்கதான் இருந்து... இருந்துகினு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். மனப்பாடம் செய்ததை மறந்த பிள்ளை மாதிரி உதட்டை மடித்தாள். ஒரு மண்டபத்தையே மூச்சுவிடாமல் நிறுத்திய பாஷை அது. எந்த ஊரில், எந்த வருடத்தில் அது அவளிடமிருந்து கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியாது போல.

அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்தாள். நம்பவில்லை. பெரிய இடத்து ஆட்கள் ஏதோ ஆசைக்குச் சொல்வார்கள் என்பது போன்ற சிரிப்பு.

"பரவால்ல மேடம். எங்க வூட்ட மட்டும் எய்திக்கோங்க. ரெண்டாவது மாடி, கடைசி வூடு. வேப்ப மரத்துப் பக்கம்."

யசோவின் முகம் மாறியது. "அதுக்கு நேர் மேல எங்க வீடு," என்றாள், ரொம்ப மெல்ல.

"ஓட்ட சிமெண்டு, மழ வந்தா ஒய்குமே, அதுவா?" என்றாள் அந்தப் பெண், முதன்முறையாக அவளை நேராகப் பார்த்து.

"ஆமா. ஒழுகும். கீழ வாளி வெப்போம்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினார்கள். தகர வேலிக்கு மேலே, ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். வேப்ப மரம்கூட இல்லை. புழுதி படிந்த வெயில்தான் இருந்தது. அவர்கள் கண்ணுக்கு அங்கே ஒரு வீடு தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அப்போதும் எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமைதான் வந்தது.